ஃப்ளை கட்டுவதற்கான நெகிழ் சிமெண்ட்: வடசென்னைப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் கொடுவாவையும் பாறையையும் ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோலவோ மீன்குஞ்சுபோலவோ செய்யும் போலி இரை) கொண்டு பிடிக்க முயல்வோர், முதலில் கட்டி முடித்த ஃப்ளைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பார்த்துவிட்டு, அவற்றின் விலையைக் கண்டு மலைத்த பிறகு, தாமே கட்டிக்கொள்ள உட்காருகிறார்கள். தூண்டில் முள், நூல், இறகு ஆகிய மூன்றையும் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கும் புதியவர், கட்டியதைப் பிடித்து நிறுத்தும் சிமெண்ட் என்ற பசையைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் உடனடிப் பசையையோ நகப் பூச்சையோ தடவிவிடுகிறார். ஒரு நல்ல மீன் கடித்து இழுத்ததும் விறைத்த பசை விரிசல் விட்டு, நூல் அவிழ்ந்து, அரைமணி நேர உழைப்பு தண்ணீரோடு போகிறது. நெகிழும் தன்மையுள்ள சிமெண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கரைப்பது, நம் ஊர் வெயிலிலும் உப்புக் காற்றிலும் எப்படிக் கெடாமல் வைத்திருப்பது என்பவற்றை இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிமெண்டை முதலில் வாங்கிவிட்டு, அதை இளக்கும் கரைப்பானான தின்னரைப் பிறகு தேடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. நம் ஊரில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எந்தத் தின்னர் நமக்கு எளிதாகவும் சுத்தமாகவும் கிடைக்கிறதோ, அந்தத் தின்னரில் கரையும் சிமெண்டைத்தான் வாங்க வேண்டும். குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் ஒரு குப்பி சிமெண்ட் பல மாதங்கள் இளகலாகவே இருக்கும். இங்கே கத்திரி வெயிலில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலை வேலை செய்தாலே அது கெட்டிப்படத் தொடங்கிவிடும். தின்னர் கிடைக்காத சிமெண்ட் எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும், பாதிக் குப்பியைக்கூடப் பயன்படுத்த முடியாது.

நெகிழ்வு எங்கே வேண்டும்

ஃப்ளையின் எல்லா இடங்களுக்கும் நெகிழ் சிமெண்ட் தேவைப்படாது. முள்ளின் கண்ணை ஒட்டி நூலை இறுக்கி முடிக்கும் தலைப்பகுதி கெட்டியாக இருந்தால் பெரிய குறையில்லை. அங்கே நிறமற்ற நகப் பூச்சுகூடப் போதுமானது. நெகிழ்வு தேவைப்படுவது வளைந்து நிமிரும் இடங்களில்தான். இறக்கையாக வெட்டி வைக்கும் இறகுத் துண்டு, நீர்ப்பூச்சிகளின் இளம்பருவத்தைப் போலக் கட்டும் நிம்ஃப் வகைகளின் முதுகில் மடித்துக் கட்டும் இறகு, வாலின் அடிப்பகுதி, மயிலிறகின் மெல்லிய தூவிகளைச் சுற்றும் உடற்பகுதி, பளபளக்கும் பின்னல் குழாயால் செய்யும் மீன்குஞ்சு உடல் ஆகியவை ஒவ்வொரு வீச்சிலும் வளைகின்றன, மீனின் வாயில் நசுங்குகின்றன. இந்த இடங்களில் கண்ணாடிபோல் காயும் பசையைத் தடவினால், இறகு வளையும்போது பசை வளையாது; இரண்டும் சேரும் விளிம்பில் இறகு முறிந்துவிடும்.

அமெரிக்க ஃப்ளை கலைஞர் டேவ் விட்லாக்கின் பெயரைத் தாங்கிய ‘டேவ்ஸ் ஃப்ளெக்ஸமெண்ட்’ என்ற சிமெண்ட் உலகெங்கும் புழக்கத்துக்கு வந்ததற்கு இந்தத் தேவையே காரணம். அவருடைய வெட்டுக்கிளி ஃப்ளையான ‘டேவ்ஸ் ஹாப்பர்’ வான்கோழி இறகுத் துண்டை இறக்கையாகக் கொண்டது. சிமெண்ட் தடவாத வான்கோழி இறகு நாலைந்து வீச்சுகளிலேயே நார்நாராகப் பிரிந்துவிடும்.

கடையில் கிடைப்பவற்றின் குணம்

ரப்பர் தன்மையுள்ள சிமெண்டுகள் முதல் வகை. ஃப்ளெக்ஸமெண்ட் இந்த வகையைச் சேர்ந்தது. ஷூ பழுதுபார்க்கும் ‘ஷூ கூ’ போன்ற தெளிவான தடித்த பசைகளும் இதே குடும்பம்தான். இவை பெரும்பாலும் டொலுயீனில் கரைபவை. காய்ந்த பிறகு இழுத்தால் சற்று நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வரும். புதியவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான்.

செருப்புக் கடைகளிலும் மரவேலைக் கடைகளிலும் ‘சொல்யூஷன்’ என்று கேட்டால் தரும் மஞ்சள் நிறப் பசையும் நெகிழக்கூடியதே. ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற இந்தப் பசைகள் செயற்கை ரப்பரால் ஆனவை. பெரியமேட்டின் தோல் பொருள் கடைகளில் இவற்றைச் சிறு டப்பாக்களிலும் வாங்கலாம். இரு பரப்புகளிலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு அழுத்தி ஒட்ட வேண்டிய பசை இது. ஃபோம் ஒட்டுவதற்கும் நூல் அடித்தளத்தில் இறகைப் பிடித்து நிறுத்துவதற்கும் இது மிக நன்றாக உதவும். ஆனால் நிறம் மஞ்சள். வெயில் பட்டால் மேலும் கருக்கும். ஆகவே வெளியே தெரியும் வெள்ளை இறகுகளின்மேல் இதைப் பூச வேண்டாம்.

மூன்றாவது வகை, வினைல் பிசினை அசிட்டோன் அல்லது எம்.இ.கே. என்ற கரைப்பானில் கரைத்த நீர்மையான சிமெண்ட். நூலுக்குள் ஊடுருவுவதில் இதற்கு இணை குறைவு. காய்ந்த படலமும் மெலிதாக, வளையும்படி இருக்கும். இதைக் குழாய் ஒட்டும் பி.வி.சி. சொல்யூஷனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதிலும் வினைல்தான் இருக்கிறது என்றாலும், அது குழாயைப் போலவே விறைப்பாகக் காய்வதற்காகச் செய்யப்பட்டது.

யூரித்தேன் பசைகள் தனிப் பிறவி. ‘அக்வாசீல்’ என்ற பெயரில் வரும் முக்குளிப்போர் உடை பழுதுபார்க்கும் பசை இதற்கு எடுத்துக்காட்டு. மற்றவை கரைப்பான் ஆவியாவதால் காய்கின்றன. இதுவோ காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகுகிறது. வடசென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதால் ஃப்ளையில் பூசினால் விரைவாக இறுகும். அதே காரணத்தால் திறந்த ட்யூபுக்குள்ளும் விரைவாக இறுகிவிடும். உறுதியில் இதை மிஞ்சுவது அரிது, ஆனால் முதல் சிமெண்டாக வாங்க இது ஏற்றதல்ல.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சிமெண்டுகள் நாற்றமில்லாதவை. குழந்தைகள் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் இவற்றைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். ஈரக் காற்றில் இவை மெதுவாகத்தான் காயும், முழுமையாகக் காயும் முன் தண்ணீர் பட்டால் பால்போல் வெளுக்கும். மார்க்கர் பேனாவால் கோடு போட்டு நிறமூட்டிய ஃப்ளைகளுக்கு இவையே சரி, ஏனெனில் கரைப்பான் சார்ந்த சிமெண்ட் பட்டால் அந்த மை கலைந்து ஓடிவிடும்.

புறஊதா விளக்கில் இறுகும் ரெசின்களில் நெகிழும் வகையும் உண்டு. அவற்றைக் கரைக்க வேண்டியதில்லை, கரைக்கவும் கூடாது. வெளிச்சம் படாமல் வைத்தால் போதும். உடனடிப் பசையான சயனோஅக்ரிலேட்டை நெகிழ் சிமெண்டாகக் கருதவே வேண்டாம்: அது விறைப்பாக உடையும், ஈரக் காற்றில் சுற்றியுள்ள இறகில் வெண்துகள் படிய வைக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

குப்பியின் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தக் கரைப்பான் என்பது அங்கே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். டொலுயீன் என்றிருந்தால் டொலுயீன், அசிட்டோன் என்றிருந்தால் அசிட்டோன் என்று அதே கரைப்பானைத் தனியாக வாங்க வேண்டும். பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களின் ரசாயனக் கடைகளில் இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். பெயின்ட் கடையில் தரும் ‘என்.சி. தின்னர்’ பல கரைப்பான்களின் கலவை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அந்தக் கலவை மாறும். அதில் சேரும் ஆல்கஹால் வகைகள் ரப்பர் சிமெண்டைத் திரிய வைத்துவிடக்கூடும். நகப் பூச்சு நீக்கியில் தண்ணீரும் எண்ணெயும் வாசனைப் பொருளும் கலந்திருப்பதால் அதுவும் ஆகாது. டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுச் செல்பவை.

மேலும் ஒன்று: ரப்பர் பசைகள் சிலவற்றில் என்-ஹெக்சேன் என்ற கரைப்பான் சேர்க்கப்படுகிறது. அடைத்த அறையில் அதை நெடுநாள் சுவாசித்த செருப்புத் தொழிலாளர்களுக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. குப்பியில் அந்தப் பெயர் இருந்தால் வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எப்போதும் கிடைப்பவற்றில் மிகச் சிறிய அளவையே வாங்குங்கள். பெரிய டப்பா மலிவாகத் தோன்றும். ஆனால் ஒரு ஃப்ளைக்குச் செலவாவது ஓரிரு துளிகள், மீதியெல்லாம் டப்பாவிலேயே கெட்டியாகும். வாங்கிய தேதியைக் குப்பியின்மேல் எழுதி ஒட்டுங்கள்.

பால் கவரில் ஒரு சோதனை

புதிய சிமெண்டை நேரடியாக ஃப்ளையில் பூசாதீர்கள். காலி ஆவின் பால் கவரைக் கழுவித் துடைத்து விரித்து, அதன்மேல் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சிமெண்டைப் பரப்புங்கள். பாலித்தீனில் சிமெண்ட் இறுகப் பற்றாது என்பதால், ஒரு முழு நாள் கழித்து அந்தப் படலத்தை நகத்தால் நெம்பினாலே உரிந்துவரும். மழைக்காலமாக இருந்தால் இரண்டு நாள் விடுங்கள்.

உரித்த படலத்தை இரண்டாக மடித்து, மடிப்பை விரல்களால் நன்றாக அழுத்துங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் அதன் நெகிழ்வு அரைகுறையானது. விரிசல் விட்டால் அது தலைப்பகுதிக்கு மட்டுமே உதவும். தடயமே இல்லாமல் விரிந்தால் இறக்கைக்கும் முதுகுக்கும் நம்பிப் பயன்படுத்தலாம். பிறகு அதே படலத்தை உப்பு கரைத்த தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்துப் பாருங்கள். காலையில் வெளுத்தோ பிசுபிசுத்தோ இருந்தால், முகத்துவாரத்தின் உப்பு நீருக்கு அது தாங்காது.

நீங்கள் பயன்படுத்தும் மற்றப் பொருட்களையும் இதோடு சேர்த்துச் சோதித்துவிடுவது நல்லது. ரப்பர் கால்கள் டொலுயீன் பட்டதும் ஊதிச் சுருளும்; வண்ணம் பூசிய பிளாஸ்டிக் கண்கள் உருகலாம்; தெர்மோகோல் உருண்டையோ கண்ணெதிரே கரைந்து காணாமல் போகும். விருந்தில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் டம்ளர்கள் பலவும் அதே பாலிஸ்டைரீனால் ஆனவை என்பதால், அவற்றில் சிமெண்டை ஊற்றிக் கலக்கக் கூடாது.

கரைப்பது எப்படி

சிமெண்டைக் கரைக்கும் வேலையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அடிப்படை விதி: மூலக் குப்பியில் ஒருபோதும் தின்னரை ஊற்றாதீர்கள். வேலைக்குத் தேவையான அளவை இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகளுக்கு மாற்றி, கரைப்பதை அங்கே செய்யுங்கள். ஒன்று தடித்தது, மற்றது நீர்த்தது. தடித்தது படலமாகப் பூசுவதற்கும் கண்களை ஒட்டுவதற்கும். நீர்த்தது நூல் சுற்றுகளுக்குள் ஊறுவதற்கும் இறகில் தடவுவதற்கும்.

இடத்தை முதலில் பாருங்கள். டொலுயீனின் தீப்பற்று நிலை ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ். அசிட்டோனுடையது சுழிக்குக் கீழே 20 டிகிரி. அதாவது மார்கழிக் குளிரிலும்கூட இவற்றின் ஆவி சென்னையில் எந்த நேரமும் தீப்பிடிக்கத் தயாராகவே இருக்கிறது. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே எழாமல் தரையோடு ஊர்ந்து பக்கத்து அறைக்குப் போகும். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நம்மில் பலருடைய வீடுகளில் வேலை செய்யும் மேசைக்கும் அடுப்புக்கும் நாலு எட்டுதான் இடைவெளி. அடுப்பு எரியும்போதும், சாமி விளக்கு ஏற்றியிருக்கும்போதும், கொசுவத்தி புகையும்போதும் குப்பியைத் திறக்காதீர்கள். மொட்டை மாடியின் நிழலான மூலை, காற்றோட்டமுள்ள பால்கனி ஆகியவை ஏற்ற இடங்கள். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அருகில் இருக்கக் கூடாது. மெல்லிய நைட்ரைல் கையுறை தெறிக்கும் துளிக்குத்தான் தடுப்பு; அசிட்டோன் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், ஆகவே நனைந்த கையுறையை உடனே கழற்றி விடுங்கள்.

அடுத்து, சிமெண்டும் தின்னரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு உலோக மூடியில் நாலு துளி சிமெண்டும் இரண்டு துளி தின்னரும் விட்டு, ஊசியால் மெதுவாகக் கலக்குங்கள். சீராகக் கலந்து தெளிந்தால் நல்லது. நூல்நூலாகத் திரிந்தாலோ, வெண்மையான கட்டிகள் பிரிந்தாலோ, அது தவறான தின்னர். மேலும் தின்னர் சேர்ப்பதால் அது சரியாகிவிடாது.

பொருந்துகிறது என்று உறுதியான பிறகு, சிறு குப்பியில் 10 மில்லி சிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி நீக்கிய மருத்துவச் சிரிஞ்சால் 1 மில்லி தின்னரைச் சேர்த்து, மூடி, குப்பியைப் படுக்கவைத்து உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் சேர்ந்து, அவை ஃப்ளையின் மேல் கொப்புளங்களாக நிற்கும். ரப்பர் வகைச் சிமெண்டுகள் தின்னரை மெதுவாகத்தான் உள்வாங்கும். உடனே பார்த்துவிட்டு ‘இன்னும் கெட்டியாகத்தானே இருக்கிறது’ என்று மேலும் ஊற்றுவதால்தான் பலருடைய குப்பி தண்ணீராகிறது. ஒவ்வொரு மில்லிக்கும் பிறகு கால்மணி நேரம் பொறுங்கள்.

பதம் பார்க்கும் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. தையல் ஊசி ஒன்றை மரக்கைப்பிடியில் செருகி வைத்திருப்பீர்கள்; அதைக் குப்பியில் தோய்த்து உயர்த்துங்கள். துளி விழும்போது பின்னால் மெல்லிய இழை நீண்டு தொங்கினால் அது தடித்த குப்பிக்கான பதம். இழையே இல்லாமல் துளி சட்டென்று உருண்டு விழுந்தால் அது நீர்த்த குப்பிக்கான பதம். தேன் பதத்துக்கும் பாகு பதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதிரசம் செய்பவர்கள் விரலிலேயே அறிந்துகொள்வதுபோல, சில தடவைகள் பார்த்துவிட்டால் இதுவும் கைக்குப் பழகிவிடும். நீர்த்த சிமெண்டுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: வெற்று முள்ளில் சுற்றிய நூல்மேல் ஒரு துளி வையுங்கள். அது மேலே பளபளவென்று உட்கார்ந்திருக்காமல், ஓரிரு நொடிகளில் நூலுக்குள் இறங்கி, நூல் சற்றே கருமையாகத் தெரிய வேண்டும். நூலில் மெழுகு அதிகமாக இருந்தால் எவ்வளவு நீர்த்த சிமெண்டும் இறங்காது. அதற்குச் சிமெண்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

வேகமான தின்னரா மெதுவான தின்னரா என்ற கேள்விக்கு வானிலைதான் விடை. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிப்பது, டொலுயீன் 110 டிகிரிக்கு மேல். வேகமாக ஆவியாகும் கரைப்பான், தான் இருக்கும் பரப்பைக் குளிர வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் பனித்துளியாக இறங்கும். சிமெண்ட் காய்ந்ததும் வெண்புகை படிந்ததுபோல் மங்கிக் கிடக்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழை முடியும்வரை அசிட்டோன் சார்ந்த சிமெண்டைத் தள்ளிவைத்து, டொலுயீன் சார்ந்ததையோ அக்ரிலிக்கையோ பயன்படுத்துவது என் பழக்கம். வேறு வழியே இல்லையென்றால், மெலிதாக ஒரு பூச்சு, அது நன்கு காய்ந்த பின் இன்னொரு பூச்சு என்று போடுங்கள். தடித்த ஒற்றைப் பூச்சைவிட வெளுப்பது குறையும்.

பூசும் முறை

வான்கோழி இறகை இறக்கைக்குத் தயார் செய்வதை மட்டும் விளக்குகிறேன். மற்றவை இதிலிருந்து தாமே விளங்கும். கறிக்கடையில் கேட்டு வாங்கிய இறகைச் சோப்பு நீரில் அலசி, முழுக்க உலர்த்திக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாளின்மேல் இறகைக் கவிழ்த்து வைத்து, நீர்த்த சிமெண்டைச் சிறு தூரிகையில் தொட்டு, நடுத்தண்டிலிருந்து ஓரத்தை நோக்கி, இழைகள் போகும் திசையிலேயே ஒருமுறை இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் இழைகளின் கொக்கிகள் பிரிந்துவிடும். தண்டைத் துணிக் கிளிப்பில் மாட்டிக் கொடியில் தொங்கவிடுங்கள். காய்ந்த பின் ஊசிமுனையால் வேண்டிய அகலத்தில் இழைகளைப் பிரித்து, தண்டோரம் வெட்டி எடுங்கள். இந்தத் துண்டை விரல்களுக்கிடையே வளைத்தால் பிளக்காமல் வளைந்து நிமிரும்.

மயிலிறகுத் தூவியைச் சுற்றும்போது தூவியின்மேல் பூசாதீர்கள். மேலே பூசினால் அந்த மினுமினுப்பே போய்விடும். அடியில் உள்ள நூல்மேல் நீர்த்த சிமெண்டைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே தூவியைச் சுற்றுங்கள். கிளவுசர் மின்னோ போன்ற ஃப்ளைகளில் கட்டும் டம்பெல் வடிவ உலோகக் கண்களுக்கு முதலில் நீர்த்த சிமெண்டை நூல் சுற்றுகளில் ஊறவிட்டு, அது காய்ந்த பின் தடித்ததை மேலே பூசுங்கள். முள்ளின் கண்ணில் சிமெண்ட் அடைத்துக்கொண்டால், அது ஈரமாக இருக்கும்போதே ஒரு இறகுத் தண்டை அதனூடே இழுத்துவிடுங்கள். ஏரிக்கரையில் நின்றுகொண்டு காய்ந்த சிமெண்டைக் குத்தி எடுப்பது எளிதல்ல.

தொட்டால் ஒட்டாத நிலை சில நிமிடங்களில் வந்துவிடும். ஆனால் உள்ளிருக்கும் கரைப்பான் முழுதும் வெளியேற ஒரு நாளாவது வேண்டும். அதற்கு முன் ஃப்ளைகளைப் பெட்டியில் அடைத்தால், அடைபட்ட ஆவி பெட்டியின் ஃபோமையும் ரப்பர் கால்களையும் இளக்கி ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்.

சேமிப்பு

தினப்படி வேலைக்குத் தூரிகையோடு கூடிய நகப் பூச்சுக் குப்பியே மிகப் பொருத்தமானது. கண்ணாடி, வாய் சிறியது, மூடியோடு தூரிகையும் சேர்ந்துவிடுகிறது. பழைய குப்பியை அசிட்டோன் விட்டுக் கழுவி உலர்த்தினால் போதும். ஹோமியோபதி மருந்துக் கடைகளில் தரும் சிறு கண்ணாடிக் குப்பிகளும் நல்லவை. ஊசி மருந்துக் குப்பிகள் பார்க்க அழகாக இருந்தாலும் அவற்றின் ரப்பர் அடைப்பான் டொலுயீனில் ஊதிவிடும். சொட்டுக் குப்பிகளின் ரப்பர் குமிழுக்கும் அதே கதிதான். மென்மையான பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றி வைத்தால், மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கரைப்பான் குப்பியின் சுவர் வழியாகவே மெல்ல வெளியேறும்.

சிமெண்டை இழப்பது பெரும்பாலும் மூடி வழியாகத்தான். ஒவ்வொரு முறையும் மூடும் முன், கழுத்தின் மரையில் படிந்த சிமெண்டைத் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். துடைக்காமல் மூடினால் ஒன்று மூடி திறக்கவே வராது, அல்லது காய்ந்த துணுக்குகள் இடையில் நின்று காற்றை உள்ளே விடும். பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைக் குப்பியின் மரையில் மூடி திரும்பும் திசையிலேயே இரண்டு சுற்று சுற்றுங்கள். எந்தக் கரைப்பானும் அதை ஒன்றும் செய்யாது, மூடியும் ஒட்டிக்கொள்ளாது. பெட்ரோலியம் ஜெல்லி தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது டொலுயீனில் கரைந்து சிமெண்டோடு கலக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

வெப்பநிலை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறும்போது டொலுயீனின் ஆவி அழுத்தம் இரண்டரை மடங்குக்குமேல் உயர்கிறது. மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழுள்ள பரணில் வைத்த குப்பி பாதியாகக் குறைவதன் காரணம் இதுதான். வீட்டின் மிகக் குளிர்ந்த, வெயிலே படாத தாழ்ந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சமையலறையும் மின்பலகையின் அடியும் ஆகாது. எல்லாக் குப்பிகளையும் நிமிர்த்தி, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்து, குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி பூட்டுங்கள். கரைப்பான் ஆவியை முகர்ந்து பழகுவது உயிருக்கே ஆபத்தானது என்பதால் பூட்டு கட்டாயம் வேண்டும்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கரைப்பான் சார்ந்த சிமெண்டையும் தின்னரையும் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது; கசியும் ஆவி உள்ளேயே தேங்கும், உள்ளிருக்கும் மின்சுவிட்சின் ஒரு பொறி அதற்குப் போதும். யூரித்தேன் ட்யூப் மட்டும் இதற்கு விலக்கு. ட்யூபை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, இறுக மூடி, ஜிப் கவர்கள் இரண்டில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஈரத்தால் இறுகும் வேகம் வெகுவாகக் குறையும். எடுத்த உடனே திறக்காமல், அறையின் வெப்பத்துக்கு முழுதும் வந்த பின்னரே திறக்க வேண்டும். குளிர்ந்த ட்யூபைத் திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் வாய்ப்பகுதியிலேயே படிந்து அங்கேயே இறுகிவிடும். அக்ரிலிக் சிமெண்டை மாறாக ஒருபோதும் உறையவிடக் கூடாது. உறைந்து உருகினால் திரிந்துபோகும்.

கெட்டியாகிவிட்டால்

கெட்டியான சிமெண்ட் எல்லாம் கெட்டுப்போனதல்ல. ஊசியால் குத்தினால் இழுபட்டு வருகிறதென்றால் கரைப்பான் மட்டுமே குறைந்திருக்கிறது. அதே தின்னரைக் கொஞ்சமாகச் சேர்த்து ஓரிரவு விட்டால் பழைய பதத்துக்கு வரும். இழுபடாமல் துண்டுதுண்டாக அறுபடும் கூழாக இருந்தாலோ, தின்னர் மேலே தனியாக நின்று கீழே கட்டி அசையாமல் இருந்தாலோ, அது வேதிவினையால் இறுகிவிட்டது என்று பொருள். யூரித்தேனும் வயதான ரப்பர் பசைகளும் இப்படித்தான் முடியும். அதன்மேல் மேலும் தின்னரைச் செலவிடாதீர்கள்.

மிஞ்சியதைக் கழிவுநீர்த் தொட்டியிலோ தெருச் சாக்கடையிலோ ஊற்ற வேண்டாம். அவை பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும்தான் போய்ச் சேருகின்றன; நாம் மீன் தேடிப் போவதும் அங்கேதான். மொட்டை மாடியில், நெருப்பும் குழந்தைகளும் அண்டாத இடத்தில், குப்பியைத் திறந்து வைத்து முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்த கட்டியையும் குப்பியையும் காகிதத்தில் சுற்றி, மேலே எழுதி, மக்கும் குப்பையோடும் மக்காத குப்பையோடும் சேர்க்காமல், பழைய பெயின்ட் டப்பாக்களையும் பேட்டரிகளையும் கொடுப்பதுபோல் அபாயகரமான வீட்டுக் கழிவாகத் தூய்மைப் பணியாளரிடம் தனியே கொடுங்கள்.